பம்பு நிற்கும் தேதி

டிட்டுக் கண்ணா,

மாதா துணையால் நானும் உன் அக்கா லூர்துமேரியும் மௌலா அலி வீட்டில் இருக்கிறோம். நீ சுகமா என்று எழுதியே பழகின கை, இன்றைக்கும் அதையே எழுத வருகிறது. சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து நீயும் இன்னும் ஆறு பேரும் கீழேயே தங்கிப்போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது, எந்த விலாசத்துக்கு அம்மா எழுதுகிறாய் என்று லூர்து அழுகிறாள், நான் எழுதுகிறேன்.

உன்னை ஜாம்பியா செம்புச் சுரங்கத்துக்கு அனுப்பின ஏஜெண்டு ஸ்ரீனிவாஸ் செவ்வாய்க்கிழமை கம்பெனி காகிதத்தோடு வந்தான். அவ்வளவு ஆழத்தில் ஊறுகிற தண்ணீரை மேலே ஏற்றிக் கொட்டுகிற கரண்டு செலவே செம்பு விற்கிற விலையைத் தாண்டிவிட்டதாம், கீழே போகப் போகக் கல்லில் செம்பும் குறைச்சலாம், சூடு வேறு. சுரங்கத்துக்குள் ஏசி காற்று விடுகிறார்கள் அம்மா, நம் வீட்டில்தான் இல்லை என்று நீ போனில் சிரித்தாயே, அந்தச் செலவும் சேர்ந்து கட்டுப்படியாகவில்லையாம். பம்பை நிறுத்தி மூடப்போகிறார்கள். நிறுத்தினால் தண்ணீர் மேல்வரை ஏறிவிடும், அப்புறம் உங்களைத் தேடி யாரும் இறங்க முடியாது. சம்மதம் என்று ஏழு வீட்டுக் கையெழுத்து வேண்டுமாம், ஆறு வீட்டில் போட்டாயிற்று. நான் போடாவிட்டால் என்று கேட்டேன். இன்னும் ஒரு மாதம் ஓட்டுவார்கள், அப்புறம் எப்படியும் நிறுத்திவிடுவார்கள், ஏம் சேஸ்தாம் அம்மகாரு, என்ன செய்ய முடியும் என்று கையை விரித்தான்.

படிக்காவிட்டாலும் எனக்கு இது புரியாமல் இல்லை. நம் வீட்டு போர் வற்றினபோது, எண்ணூறு அடிக்குக் கீழே வெறும் பாறை, பெரிய மோட்டார் இறக்கி வருகிற கரண்டு பில்லுக்கு டேங்கர் தண்ணியே மேல், நக்கோ அம்மா, வேண்டாம் என்று நீதானே சொன்னாய், உன் பேச்சைக் கேட்டுத்தான் மூடி போட்டோம். ஆனால் அந்தக் குழிக்குள் நமக்கு யாரும் இல்லையே ராசா. கல்லறைத் திருநாளுக்கு உன் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன், உனக்கு வாங்கினதை எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் பையிலேயே திருப்பிக் கொண்டுவந்தேன். அப்பா பக்கத்தில் உனக்கென்று இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். ஈரத்துணியோடு நிற்காதே, உனக்குச் சீக்கிரம் சளி பிடிக்கும்.

உன் அம்மா,
அன்னம்மாள்

எந்தக் காகிதம் வந்தாலும் நீ படித்துப் பார்த்து, நான் கையெழுத்துப் போடுகிற இடத்தில் பென்சிலால் சின்னதாகக் குறி போட்டு வைப்பாய். இதில் ஸ்ரீனிவாஸ் பேனாவால் போட்டிருக்கிறான். போடட்டுமா டிட்டு?