பத்து மீட்டர்

என் செல்ல மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போனில் என்றால் பாதியில் விழுங்கிவிடுவேன், அதனால் கடிதம்.

கிளினிக்கில் என்னை ஊசி அறையிலிருந்து போனுக்கு மாற்றிவிட்டார்கள். ஆண்கள் ஆண்களைத் தேடிப் பழகும் ஆப் ஒன்றில் எனக்கு ஒரு புரொஃபைல். என் நிஜப் படம்தான், வெள்ளைக் கோட்டு, மூக்குக்கண்ணாடி, வயது ஐம்பத்தேழு. கீழே ஒரு வரி: நர்ஸ், பால்வினை நோய் பற்றி எதையும் கேட்கலாம், பெயர் வேண்டாம். எங்கள் வாசல்வரை வந்து போர்டைப் பார்த்துத் திரும்பிப் போகிற பையன்கள் அங்கே கூசாமல் கேட்கிறார்கள். முதல் நாளே ஒருவன், ஆன்ட்டி வழி தவறி வந்துட்டீங்களா என்றான். இல்லப்பா, சரியான அட்ரஸ்தான் என்றேன். இன்னொருவன், கல்யாணத் தரகரா என்றான். உன் அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, இந்த வயசுல உனக்கு அடிச்ச யோகத்தப் பாரு என்கிறார். இந்த வேலைக்கு ஒரே சட்டம்தான். நாமாக யாரையும் தேடிப் போகக் கூடாது, அவர்கள் வந்தால்தான் பேச்சு.

அப்படி வந்தவர்களில் ஒருவன் தனக்கு அரைத்தூக்கம் என்று பெயர் வைத்திருந்தான். முகம் கிடையாது, ஒரு தலையணையின் படம். மூன்று வாரம் கேட்டுக்கொண்டே இருந்தான். ஆறிப்போன புண்ணும் நோய்தானா, வீட்டுக்குக் கடிதம் போடுவீங்களா. நான் லீவில் இருந்த நாளாகப் பார்த்து வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, சீட்டிலிருந்த நம்பரை எனக்கு அனுப்பினான். முடிவு வந்தது. சிபிலிஸ், ஆரம்ப நிலை. ஒருநாள் ஊசியோடு தீர்ந்துவிடும். விட்டுவிட்டால் வருடங்கள் கழித்து கண், மூளை என்று போகும். முடிவை நேரில்தான் சொல்ல வேண்டும் என்பதால், ஒரு நடை வந்துட்டுப் போப்பா என்று எழுதினேன். படித்தான். பதில் இல்லை. பத்து நாள். வா என்ற சொல்லிலேயே எல்லாம் புரிந்துவிடுகிறதே.

அந்த ஆப்பில் பெயருக்குக் கீழே ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று காட்டும். அரைத்தூக்கம், நானூறு மீட்டர். பகலெல்லாம் அதே நானூறு, பக்கத்தில்தான் எங்கோ வேலை. புதன்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு நடந்தேன். பேங்க் வாசலில் இருநூற்றைம்பது. செருப்புக்கடை தாண்டி எண்பது. மூக்குக்கண்ணாடிக் கடை முன்னால் பத்து. உள்ளே மூன்று பையன்கள். ஒருவன் லென்ஸ் துடைக்கிறான், ஒருவன் ஒரு பெரியவருக்கு ஃபிரேம் மாட்டிப் பார்க்கிறான், ஒருவன் போனைப் பார்க்கிறான். எவன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால்? முதலாளி முன்னால் என்ன சொல்லியிருப்பேன்? போனைப் பார்த்தவன் நிமிர்ந்தான். பேயறைந்த முகம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் போனிலும் நான் பத்து மீட்டரில் இருக்கிறேன், முகத்தோடு.

திரும்பி வந்து பார்த்தால் அந்தப் பெயரையே காணோம், என்னை பிளாக் செய்துவிட்டான். டாக்டரம்மாவிடம் சொன்னேன். திட்டவில்லை. நாம போய்க் கதவத் தட்டினா, நம்ம கதவத் தட்ட எவன் வருவான் சிஸ்டர் என்றார். திட்டியிருக்கலாம். தூரம் காட்டுவதை அன்றே அணைத்தேன். பஸ்ஸுக்கு அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. புரொஃபைல் வரியையும் மாற்றினேன்: ஒருவரைத் தேடிப் போனேன், தப்பு, இனி போகமாட்டேன், இதே வைத்தியம் வேறு ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. பிளாக் செய்தவன் கண்ணில் படாது. ஆனாலும்.

உனக்கு நான் செய்ததும் இதுதானே. நீ கடைசியாக எப்போது போனைத் திறந்தாய் என்று பார்த்துவைத்து, வேலை நேரத்துல யார்கூடடா பேச்சு என்று கேட்பேன். நீ அதை மறைத்த அன்று உன் அப்பாவிடம் அழுதேன். புள்ள கொஞ்சம் மூச்சு விடட்டும் விடு என்றார். அந்த மனுஷனுக்குப் பாசம் போதாது என்று நினைத்தேன்.

நேற்று, படமும் பெயரும் இல்லாத ஒரு புதுக் கணக்கிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று வந்தது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கட்டைவிரல். மருந்தின் பெயர் மட்டும் தெரிந்தது. ரெண்டு பக்கமும் குத்திட்டாங்க ஆன்ட்டி, உட்கார முடியல, கண்ணாடி மாத்தணும்னா இனிமே சொல்லிட்டு வாங்க என்று எழுதியிருந்தான். கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எந்த ஆஸ்பத்திரி, யார் கூட வந்தது, எதுவும் கேட்கவில்லை. கூடப் பழகியவங்களையும் பார்க்கச் சொல்லு, மூணு மாசத்துல திரும்ப ரத்தம் கொடு, எங்க வேணாலும் கொடு என்று எழுதினேன்.

நோய்நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, பிடித்தவர்களோடு நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். மறக்காமல் ஒன்று செய், வருடத்துக்கு ஒருமுறை நீயும் பரிசோதனை செய்துகொள். முடிவை எனக்கு எழுத வேண்டாம்.

ஆசிகளோடு,
உன் அம்மா