தானாக இறங்கும் கியரும் உன் அப்பாவின் இடது காலும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். காருக்கு மட்டும் உடம்பு சரியில்லை என்று உன் அப்பா போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், அதை நம்பாதே, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், நான் ஒரு வரி சொன்னால் அவர் நாலு திருத்தம் சொல்கிறார். ஒர்க் ஷாப்பிலிருந்து உனக்குப் போன் பண்ணி, உங்கப்பாவைக் கொஞ்சம் சமாதானப்படுத்துங்க மேடம் என்று கெஞ்சினார்களாமே. கார் உன் பெயரில் இருப்பதால் வந்த வினை. நீயும் பயந்துபோய், வித்துடுங்கம்மா, வாடகைக் கார்ல போங்க என்றாய். விற்கக் கூடாது. ஏன் என்று முழுதாகச் சொல்கிறேன், படித்துவிட்டு முடிவு செய். அந்தக் காரின் சாவி யார் கையில் இருப்பது என்பதுதான் இப்போது இந்த வீட்டில் நடக்கும் சண்டையே.

இடது முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதால்தானே நீ ஆட்டோமேட்டிக் கார் வாங்கிக் கொடுத்தாய். நல்ல மனதோடு செய்தாய், ஆனால் யாருக்கு வாங்குகிறோம் என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம். டிரைவிங் ஸ்கூல் நடத்தி, பாதி ஊருக்குக் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்து, கிளட்ச் வாத்தியார் என்றே பேர் வாங்கிய மனுஷனிடம் கிளட்சே இல்லாத காரைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? அவர் சும்மா இருந்தாலும் அவருடைய இடது கால் சும்மா இருக்குமா? அது பாட்டுக்குக் கிளட்சைத் தேடுகிறது. இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை, அகலமாகப் பிரேக்தான் இருக்கிறது. கிளட்சை அழுத்துகிற வேகத்தில் அடிவரைக்கும் பிரேக்கைப் போட்டு மிதிக்கிறார். முதல் வாரம் உன் மாமா முட்டைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தான். தெருமுனையில் சிவப்பு விளக்கைப் பார்த்து அப்பா மெதுவாகத்தான் நிறுத்தப் போனார், இடது கால் வேலையைக் காட்டிவிட்டது. பாதி முட்டை முன் கண்ணாடிக்கு வந்து சேர்ந்தது, மீதி உன் மாமா சட்டையில் தங்கிவிட்டது. அவன் துடைத்துக்கொண்டே, அத்தான், என் பல்லெல்லாம் இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க என்றான். அப்பா இறங்கிப்போய் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, வண்டில கோளாறு என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

என்ன கோளாறு தெரியுமா? பிரேக் போட்டா வண்டி அடங்கணும், இது உறுமுது, நான் சொல்லாம கியர் அதுவா இறங்குது, இதுதான் அவர் புகார். இந்த வீட்டில் அவர் சொல்லாமல் ஒரு ஜன்னல் திரைகூட இறங்கியதில்லை, கியர் இறங்கினால் பொறுப்பாரா? அதனால் ஒவ்வொரு முனையிலும் கார் முந்திக்கொள்வதற்குள் இவரே கியர் கம்பியைப் பிடித்து இழுத்துக் கியரை இறக்குவார். எஞ்சின் அலறும், தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், இவர் வெற்றியோடு என்னைப் பார்ப்பார். ஒர்க் ஷாப்புக்குப் போய்ப்போய் அங்கே வாட்ச்மேன் எங்களுக்கு நாற்காலி எடுத்துப்போடும் அளவுக்கு உறவாகிவிட்டது. நிறுத்தும்போது வண்டி தன்னிச்சையாக முடிவெடுக்கிறது என்று புகார் எழுதிக்கொடுத்தார். அவர்கள் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். கம்ப்யூட்டரும் அவங்க ஆளுதானே, அது எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று என்னிடம் கேட்கிறார்.

கடைசியில் அங்கே வேலை செய்கிற மெக்கானிக் பெண் ஒருத்தி, நானே கூட வர்றேன் சார், ஓட்டுங்க என்று பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நான் பின்னால். ஆள் இல்லாத சாலையில் இரண்டு தடவை அவர் வழக்கம்போல் மிதித்தார், இரண்டு தடவையும் எங்கள் தலை முன்னால் போய்த் திரும்பி வந்தது. அவள் சிரிக்காமல் சொன்னாள். சார், நீங்க அழுத்தி பிரேக் போட்டா, அவசரமா நிறுத்தறாங்கன்னு வண்டிக்குத் தெரியும், கியரை ஒவ்வொண்ணா அதுவே இறக்கிக்கும். சின்ன கியருக்கு வர்றப்ப எஞ்சின் வேகமா சுத்தும், அதான் அந்த உறுமல். அது பாயறதில்ல சார், சக்கரத்தை இழுத்துப் பிடிக்குது. நிறுத்தறது பெரும்பாலும் பிரேக்தான், எஞ்சின் கூடமாட ஒத்தாசை பண்ணுது என்றாள். கிளட்ச் மிதிக்காம நிறுத்தினா எஞ்சின் அணைஞ்சுடுமேம்மா என்று அப்பா மடக்கினார். இதுல எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவுல எண்ணெய்தான் சுத்துது சார், கெட்டியாப் பிணைச்சு வைக்கல, சக்கரம் நின்னாலும் எஞ்சின் பாட்டுக்கு ஓடும் என்றாள். அப்புறம், கோளாறு உங்க இடது கால்ல, அதை சீட்டுக்குக் கீழ மடக்கி வைங்க என்றும் சொல்லிவிட்டாள். வீடு வந்ததும் அப்பா, அவ அப்பனுக்கு லைசென்ஸ் வாங்கிக்கொடுத்ததே நான் என்றார். காலை மடக்கவும் இல்லை.

எனக்கு அந்தப் பெண் சொன்னது உடனே புரிந்தது. எப்படிப் புரியாமல் போகும்? திடீர் திடீரென்று பிரேக் போடுகிற மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அவர் கோபத்தில் எல்லாவற்றையும் நிறுத்தும்போதெல்லாம் கியரை இறக்கி, வீடு அணைந்துவிடாமல் பார்த்துக்கொண்டது யார்? கொஞ்சம் உறுமியும் இருக்கிறேன், அதையும் கோளாறு என்றுதான் சொன்னார். அன்றைக்கே, சாவியை எங்கிட்ட குடுங்க, நான் ஓட்டறேன் என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு ஒரு பழைய கதை இருக்கிறது, உனக்குச் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் ஸ்கூல் காரில் எனக்கு ஒரே ஒரு நாள் சொல்லிக்கொடுத்தார். நாய் குறுக்கே வந்தது, பிரேக்கை மிதித்தேன், கிளட்சை மறந்தேன், எஞ்சின் அணைந்துவிட்டது. உனக்கெல்லாம் வண்டி வராது என்று அங்கேயே இறக்கிவிட்டார். அது போகட்டும். அதற்கப்புறம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம், கிளட்சை மறந்தா என்ன ஆகும் தெரியுமா, ஒரு அம்மா இருந்தாங்க என்று அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறார். அவரிடம் கற்றுக்கொண்ட உன் மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாய் பிழைத்துக்கொண்டதை மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லையாம். எனக்கு ரொம்ப வலித்தது, மகளே. இன்றைக்கும் வலிக்கிறது.

அதனால் ஒரு காரியம் செய்தேன், திட்டாதே. நம் பழைய ஸ்கூலுக்கு எதிர்ச்சாரியில் இருக்கிற ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன். ஆமாம், அப்பாவிடம் கற்றுக்கொண்டு அப்பாவுக்கே போட்டியாகக் கடை திறந்தானே, அவனிடம்தான். நூலகம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்வந்தேன். லைசென்ஸ் வாங்கி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன், உன் அப்பா எட்டிப் பார்க்காத ஒரே இடம் அதுதான். இதற்குள் பிரேக்கை உதைத்து உதைத்து அவர் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. போன வாரம் கால் பயிற்சிக்குப் போக வேண்டிய நாள், எழுந்து நிற்கவே முடியவில்லை. வாடகைக் காரும் கிடைக்கவில்லை. லைசென்ஸை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்துச் சாவிக்குக் கையை நீட்டினேன். லைசென்ஸை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எங்கே கற்றுக்கொண்டேன் என்று சொன்னபோதுதான் அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் கொடுத்தார்.

வழி முழுக்க, விளக்கைப் பாரு, கண்ணாடியைப் பாரு, அந்த லாரிய நம்பாத என்று ஒரே பாடம். கடைத்தெருவில் திரும்பும்போது ஒரு சைக்கிள்காரன், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் குறுக்கே வளைந்தான். வலது காலால் ஓங்கி மிதித்தேன். முன்பக்கம் தாழ்ந்தது, எஞ்சின் உறுமியது, கியர் இறங்குவது உடம்பிலேயே தெரிந்தது, சைக்கிள் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கார் நின்றது. அவன் அதுகூடத் தெரியாமல் போய்விட்டான். பக்கத்தில் பார்த்தால் உன் அப்பா இரண்டு காலாலும் தரை விரிப்பை உதைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இல்லாத பிரேக், இல்லாத கிளட்ச். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் காதைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்ல, எஞ்சின் அணையலையே என்றார். அணையாது, போகலாமா என்றேன். தலையை ஆட்டினார். அதற்கப்புறம் பாடம் நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் வாசலுக்கு வந்தால், காரின் பின்கண்ணாடியில் ஸ்கூலில் மிஞ்சிய பழைய எல் போர்டை ஒட்டிவைத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இன்னும் என்னைக் கற்றுக்குட்டி என்று ஊருக்குச் சொல்கிறாரா என்று நகத்தால் சுரண்டி எடுக்க ஆரம்பித்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். எடுக்காத, அது உனக்கில்ல, எனக்கு என்றார். கால் சரியானதும் இடது காலை மடக்கிக்கிட்டு ஓட்டிப் பாக்கறேன், நீ பக்கத்துல உக்காரு, அதுவரைக்கும் சாவி உங்கிட்டயே இருக்கட்டும் என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னார். அன்னைக்கு அந்த நாய் பொழச்சுதுல்ல என்றார்.

போர்டின் ஓரம் நான் சுரண்டியதில் பிய்ந்திருந்தது, பசை தடவி ஒட்டினேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ என் ஆசீர்வாதம். ஒர்க் ஷாப்புக்குப் போன் பண்ணி, புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டோம் என்று சொல்லிவிடு, மறக்காதே. அப்பா ஸ்பீக்கரில் வரும்போது கார் கோளாறு சரியாகிவிட்டதா என்று மட்டும் கேள். என்ன பதில் சொன்னாலும் சிரித்துவிடாதே.

சாவியை முந்தானையில் முடிந்துவைத்திருக்கும்
உன் அம்மா