அல்ஜீரியாவில் நான் காணாமற்போகவில்லை என்பது பற்றி

அனுப்புநர்:
திருமதி யோகராணி தியாகலிங்கம்,
மங்கரே, ஒக்லாந்து.

பெறுநர்:
திரு. பாஸ்கரன் அவர்கள்,
தலைவர், தென் ஒக்லாந்து தமிழ் மூத்தோர் வட்டம்,
ஒடாஹுஹு.

பொருள்: கடந்த மே மாதம் வட்டத்தின் சுற்றுலாப் பேருந்து என்னை விட்டுச் சென்றமையும், அதன்பின் என்னைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கையும்.

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா,

1. முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலைசெய்து ஓய்வுபெற்றவள் நான். வேலைக்காலத்தில் எவரையும் எங்கும் மறந்துவிட்டு வந்ததில்லை என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. அல்ஜீரியாவுக்கு எவரும் போவதில்லை, ஆகவே கூட்டம் இராது என்று சுற்றுலாச் செயலாளர் திரு. சுந்தரமூர்த்தி அவர்கள் கூறியிருந்தார். அது உண்மையே. உரோமர் கட்டிய பழைய நகரில் எங்களையும் சில ஆடுகளையும் தவிர வேறு பார்வையாளர் இருக்கவில்லை. இது பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை.

3. எல் கண்டரா என்ற சிற்றூரில் மதிய உணவுக்கு நிறுத்தினார்கள். உணவகத்தின் கழிப்பறை பூட்டியிருந்தது. உரிமையாளர் பக்கத்து வீட்டைக் காட்டினார். “நான் உந்த வீட்டுக்குப் போட்டு வாறன்” என்று பேருந்தில் என் பக்கத்து ஆசனக்காரியான கௌரியிடம் சொல்லிவிட்டே போனேன். அவர் “ஓம், ஓம்” என்றார். பின்னர் பேருந்தில் ஏறி நித்திரையாகிவிட்டார்.

4. அது கலியாண வீடு. மணப்பெண்ணின் தாயார் ஸொஹ்ரா என்னை வெளியே விடவில்லை. பெண்கள் நிறைந்த அறையில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் இருத்தினார். என் கணவர் எங்கே என்று சைகையால் கேட்டார். நான் மேலே காட்டினேன். தன் கணவருக்கும் அவர் மேலேயே காட்டினார். பின்பு மருதாணிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, மகளின் உள்ளங்கையில் வைக்கச் சொன்னார்.

5. ஐயா, எங்கள் கலியாணங்களில் மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போடக் கூப்பிடும்போது என்னை யாரும் கூப்பிடுவதில்லை. நான் குறைசொல்லவில்லை, அது வழக்கம். அந்த வழக்கப்படியே அங்கும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஸொஹ்ரா என் மணிக்கட்டைப் பிடித்துக் கிண்ணத்துக்குள் வைத்தார். நான் மணப்பெண்ணின் கையில் மருதாணி வைத்தேன். அதன்பின் என் இரண்டு கைகளிலும் மருதாணி வைத்து, அவர்கள் முறைப்படி சிவப்புத் துணியால் பொதிந்து கட்டிவிட்டார்கள்.

6. சொல்லப்பட்ட நேரத்துக்கு முன்னரே பேருந்து புறப்பட்டுவிட்டது. செயலாளர் ஆட்களை எண்ணினார் என்பதை மறுக்கவில்லை. எண்ணிக்கை சரியாகவும் வந்தது. ஏனெனில், எங்களுக்குக் காவலாக வந்த சிவில் உடைப் பொலிஸ்காரர் என் ஆசனத்தில் அமர்ந்திருந்தார். அவருக்கு மீசை உண்டு. எனக்கு இல்லை.

7. கௌரி கண்விழித்து நான் இல்லையென்று சொன்ன பின், என் தொலைபேசிக்கு அழைத்தும் பதிலில்லை என்பது என்மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. கை கட்டப்பட்டிருந்ததால் ஸொஹ்ராவே எடுத்து அரபு மொழியில் நீண்ட நேரம் கதைத்தார். தவறான எண் என்று கருதிச் செயலாளர் துண்டித்துவிட்டார்.

8. வாசலுக்கு ஓடிவந்து பார்த்தேன். பேருந்து நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. என் கடவுச்சீட்டும் செயலாளரிடம் இருந்தது. அழுதேன். துடைக்கக் கை இல்லாதபடியால் ஸொஹ்ரா தன் தலைத்துணி நுனியால் என் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு ஒரு பிள்ளைக்குத் தீத்துவது போல எனக்குச் சோறு தீத்தினார். சோறல்ல, குஸ்குஸ். பேருந்து திரும்பி வர மாலையாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், அது வந்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது.

9. இறங்கி வந்த செயலாளர் அந்த வீட்டார் முன்னிலையில், “யோகராணிம்மா, உங்களால எல்லாருக்கும் லேட்டு. இந்த வயசுல இது தேவையா?” என்றார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் புரிந்துகொண்டார்கள். ஸொஹ்ரா அவருக்கும் ஒரு தட்டு குஸ்குஸ் கொடுத்தார். அவர் சாப்பிட்டார்.

10. ஒக்லாந்து விமான நிலையத்தில் என் கைகளைப் பார்த்த மகள் கம்சாயினி, “நைஸ், அம்மா” என்றாள். அவள் பொதுவாக அவ்வளவு கதைப்பதில்லை.

11. சென்ற மாதக் கூட்டத்தில் சுற்றுலா அறிக்கை வாசிக்கப்பட்டது. நான் அப்போது எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். “உறுப்பினர் ஒருவர் தன்னிச்சையாகக் காணாமற்போனார்; பின்னர் தமது நிலைக்குப் பொருந்தாத அலங்காரத்துடன் திரும்பினார்; அடுத்த சுற்றுலாவில் அவர் சேர்க்கப்படமாட்டார்” என்று வாசித்தார்கள். சிலர் சிரித்தார்கள். நான் மிச்சத் தேநீரையும் ஊற்றிக் கொடுத்துவிட்டே வீடு சென்றேன்.

ஆகவே, தங்களிடம் நான் கேட்பது:

“காணாமற்போனார்” என்பதை “விட்டுச் செல்லப்பட்டார்” எனத் திருத்த வேண்டும். “தமது நிலைக்குப் பொருந்தாத” என்ற சொற்களை முற்றாக நீக்க வேண்டும். என் நிலை என்னவென்று தீர்மானிக்கும் பொறுப்பு சுற்றுலாக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டதாக வட்டத்தின் யாப்பு விதிகளில் நான் காணவில்லை. திருத்திய அறிக்கையை அடுத்த மாதக் கூட்டத்தில், அதே குரலில் வாசிக்க வேண்டும். தேநீரை அன்று வேறு யாராவது ஊற்றட்டும்.

அடுத்த சுற்றுலாவில் சேர்ப்பது பற்றித் தாங்கள் சிரமப்பட வேண்டாம். ஸொஹ்ராவின் இளைய மகளுக்கு வரும் ஒக்டோபரில் கலியாணம். அழைப்பு வந்துள்ளது. நான் தனியாகப் போகிறேன். இதைத் தங்கள் அனுமதிக்காக அன்றி, தகவலுக்காகவே அறியத்தருகிறேன்.

தங்கள் நீதியான பதிலை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
யோகராணி தியாகலிங்கம்

மங்கரே
14 யூலை 2025