கீழிருந்து அடித்த வெயில்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் நலம். உன் அப்பாவையும் அந்த வரியில் சேர்த்து எழுத இந்த முறை கை ஓடவில்லை. போனில் சொன்னால் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுவதையும் படி.

அப்பாவின் கீழுதட்டில் ஒரு புண் ஆறாமல் இருந்ததே, அது புற்றுநோய். வெட்டி எடுத்துவிட்டார்கள், உதட்டில் பாதி போய்விட்டது. இப்போதைக்கு உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கழுத்தில் கட்டி வருகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டுமாம். தண்ணீரைக்கூடக் கரண்டியால்தான் குடிக்கிறார், ஓரமாக வழிகிறது, உன் தங்கை துடைக்கப் போனால் நான் என்ன கைக்குழந்தையா என்று முறைக்கிறார். என்ன வேலை செய்கிறார் என்று டாக்டரம்மா கேட்டார். கூரைக்குத் தகடு பதிக்கிறார், ஆனால் தொப்பி இல்லாமல் ஏறமாட்டார் என்றேன். தொப்பி மேலே இருந்து வர்ற வெயிலுக்கும்மா, காலுக்குக் கீழே தகடு கண்ணாடி மாதிரி பளபளன்னு கிடக்குதே, அது திருப்பி அடிக்கிறதுக்கு என்ன போட்டாரு என்று கேட்டார். சுடுவது வேறு, புற ஊதாக் கதிர் வேறாம். அது கண்ணுக்குத் தெரியாது, மேகம் போட்டாலும் இறங்குமாம். அப்பாவும் அதே வேலை செய்யும் நீயும் மேகத்தைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிச் சட்டையையும் திறந்துவிடுவீர்கள். சூடேறினால் தகட்டின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை ஒட்டிக்கொள்ளும் என்று காலையிலேயே எல்லாத் தகட்டையும் உரித்துப் போட்டுவிட்டு, பகல் முழுக்க அந்த வெளிச்சத்தின் நடுவிலேயே நிற்பீர்கள். தகடும் உரியுது, என் மூக்கும் உரியுது என்று அப்பா சொல்லும்போது நாமும் சேர்ந்து சிரித்தோம்.

அப்பாவின் மேஸ்திரி பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நம்ம தோலுக்கு வெயில் என்னக்கா பண்ணும், பீடி குடிச்சிருப்பாரு என்றார். அப்பா பீடியைத் தொட்டதில்லை என்பது அவருக்கும் தெரியும். கறுத்த தோலுக்கும் வெயிலால் கேடு உண்டு, கறுப்பு நிறம் தரும் பாதுகாப்பு உதட்டுக்கு இன்னும் குறைவு என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன், அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர்கள் வேலையிடத்தில் நிழல் இருக்கிறது, தெரியுமா? ஓட்டை அடைக்கும் பசைக்குழாய்களுக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள், வெயில் பட்டால் கெட்டுவிடுமாம். அதன் கீழே அப்பா ஒருநாள் உட்கார்ந்தபோது, பெரியவரே, அது சாமான் வைக்கிற இடம் என்று எழுப்பிவிட்டார்கள். கெட்டுப்போனால் கணக்குக் கேட்கப்படும் சாமானுக்கு நிழல். மனிதனுக்குப் பழம்.

இப்போது உன்னிடம் வருகிறேன். போன மாதம் வீடியோவில் பேசினாயே, உன் கீழுதட்டில் வெள்ளையாகச் செதில் மாதிரி ஒன்று இருந்தது, நீ நாக்கால் நனைத்துக்கொண்டே இருந்தாய். கேட்டதற்குக் காத்து பட்டு வெடிச்சிருக்கும்மா என்றாய். அப்பாவும் இதே வார்த்தையைத்தான் இரண்டு வருடம் சொன்னார். இந்த வாரமே தோல் டாக்டரிடம் காட்டு. லீவு இல்லை என்று சொல்லாதே, லீவு எடு. ஆரம்பத்திலேயே பார்த்தால் சின்ன வைத்தியத்தோடு போய்விடும் என்கிறார்கள். வெயில் தடுக்கும் களிம்பை உதட்டுக்கும் தாடைக்கு அடியிலும் தடவு, வேர்த்தால் மறுபடி தடவு. மூக்கிலிருந்து கழுத்துவரை துணி கட்டு. கல்யாணப் பெண்ணா என்று கூட இருப்பவர்கள் கிண்டல் செய்தால் செய்யட்டும், அவர்களுக்கும் ஒரு துணி கொடு. உச்சிவெயிலில் நிழல் வேண்டும் என்று எல்லோருமாகச் சேர்ந்து கேளுங்கள், தனியாகக் கேட்டால் உன்னைத்தான் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

கொஞ்ச நாளாக அப்பா போனில் பேசாமல் இருப்பது கோபத்தால் இல்லை. முகத்தை நீ பார்க்கக்கூடாது என்றுதான். இதுவரை எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஞாயித்துக்கிழமை கூப்பிடச் சொல்லு, அவன் பாக்கட்டும் என்றார். கூப்பிடு. பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்ளாதே.

நீ முழுசாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி அதற்குத்தான். டாக்டரிடம் போவதை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா