உன் தம்பி மேலே பூசிய தங்கம்

சேசு மரி சூசை துணை

இராயபுரம்
9-9-1968

அன்பு மகள் ஹில்டாவுக்கு அம்மா ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே எல்லோரும் சுகம், நாக்பூர் ஆஸ்பத்திரி வேலையில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ரயில்வே கூட்டாளிகளோடு சீட்டாட உட்கார்ந்தால் மட்டும் வலிப்பதேயில்லை. எண்ணூர் அத்தை வஞ்சிரக் கருவாடு கொடுத்திருக்கிறாள், உன் கல்யாணத்துக்குக் கொண்டுவருகிறேன், ரயிலில் யார் மூக்கைப் பிடித்தாலும் சரி.

கல்யாணம் என்றதும் உன் கடிதத்துக்கு வருகிறேன். தம்பி ஜார்ஜைக் கூட்டி வரவேண்டாம், தங்கம் கடத்துகிறவன் மாதிரி பாட்டுக் கட்டிப் பாடுகிறானாம், மாப்பிள்ளை வீட்டில் தலைகாட்ட முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா ஜேக்கப், திருவொற்றியூரில் அப்பாவின் கூட்டாளி அய்யாத்துரை வீட்டுக் காதுகுத்துக்கு வந்திருந்தார். அங்கே நம் பையன் தகர டின்னைத் தட்டிக்கொண்டு, "மேலுக்கெல்லாம் தங்கம் நைனா மினுக்குறேன் பாரு, என்னப் பாத்து கண்ணு எரியாத ஆளு இங்க யாரு" என்று கானா பாடினான். அவ்வளவுதான், மனுஷன் முகத்தைச் சுளித்துக்கொண்டு இலை போடுமுன்னே எழுந்து போய்விட்டார்.

அடி பைத்தியமே, இவன் ஹார்பர் கூட்டத்துக்குத் தங்கம் என்றால் கந்தகம். கப்பலிலிருந்து அதை வாரிக் கொட்டுகிறவர்கள் கேலியாக வைத்த பெயர். நீ நாக்பூர் போனபிறகுதான் இவன் அந்த வேலைக்குப் போனான், உனக்கு எப்படித் தெரியும். தலைமயிர், புருவம் எல்லாம் மஞ்சளாக வந்து நிற்பான், சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்வேன், பக்கத்தில் போனால் நம் கண்ணும் எரியும். அதைத்தான் ஊரே பொறாமையில் எரிகிற மாதிரி பாட்டில் வைத்திருக்கிறான், போக்கிரி. அந்த வேலையில் அழுது புலம்பலாம், இவன் சேட்டு மாதிரி மார்தட்டுகிறான். பெற்றவள் சொல்லக்கூடாது, ஆனாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூட வேலை செய்யும் ரஷீது, "இன்னாமா, உம் புள்ள பாடிகினே வந்தா கூடை கனமே தெரில" என்கிறான்.

ஜேக்கப் கேட்காமல் போன கடைசி அடியை எழுதுகிறேன், நிதானமாகப் படி. "குளிச்சிட்டா தங்கம் போச்சு, கைல இன்னா மிச்சம்? வெள்ள உடுப்புல கீறா அக்கா, அதான் எங்கூட்டு மச்சம்." உன் நர்ஸ் உடுப்பைத்தான் வீட்டின் அதிர்ஷ்டம் என்று பாடுகிறான். கேட்ட சனமெல்லாம் கைதட்டியது. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அன்றைக்கு அங்கே கந்தகம் ஏதுமில்லை.

உன் கடிதத்தை அவனுக்குக் காட்டவில்லை. கல்யாணப் போட்டோவில் மஞ்சளாக நிற்கக்கூடாதென்று தினமும் சீயக்காய் போட்டுத் தோல் உரியத் தேய்க்கிறான். "அக்கா இன்னா எழுதிகீது, எப்ப கெளம்பணும்" என்று என்னைக் குடைகிறான். வரவேண்டாம் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். எதுவானாலும் நீயே அவன் பெயருக்கு எழுது.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் கண்ணின் மணிபோல் காக்கட்டும். மறக்காமல், கண்ணெரிச்சலுக்கு விடும் சொட்டு மருந்து ஒரு புட்டி வாங்கி வை. அவன் அங்கே வந்து இறங்கியதும் உன் கையாலேயே விட்டுவிடு.

என்றும் உன்னை ஆசீர்வதிக்கும் அம்மா,
சிலுவையம்மாள்