விற்கச் சொன்னவை

12 மார்ச் 1996

அன்புள்ள சின்னுவுக்கு,

வந்து சேர்ந்தேன், நலம். மாவு மில்லில் மூட்டை அடுக்கும் வேலை. ஆறு பேருக்கு ஓர் அறை. ஐந்து பேர் குறட்டை விடுகிறார்கள். சம்பளம் கைக்கு வர ஒரு மாதம் ஆகும்.

ஆலங்கட்டி மழையில் போன தக்காளியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஆகாது. இந்த மாதமே மறுபடி நாற்று நட வேண்டும். அதற்குச் செவலையை விற்றுவிடு. மாட்டுத் தரகரிடம் பேசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வருவார். போதாவிட்டால் உன் தையல் மிஷின். அதற்கும் மேல் வேண்டுமென்றால் உன் தோடு.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு மாமா

19 மார்ச் 1996

அன்புள்ள மாமாவுக்கு,

ஆறாவது ஆளும் குறட்டை விடுவார். அந்த ஐந்து பேரைக் கேட்டுப் பாருங்கள்.

தரகர் வந்தார். செவலையைச் சுற்றிச் சுற்றி வந்து, வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சேம்மா" என்றார். "உங்களுக்கும்தான் ஆயிடுச்சு, உங்களை யாரும் விக்கலையே" என்றேன். டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

தக்காளி போன நாளிலிருந்து இந்த வீட்டுக்குள் காசு வருவது செவலையின் மடியிலிருந்து மட்டும்தான். அதை விற்று நாற்று வாங்கினால், நாற்று காய்க்கும்வரை நானும் பிள்ளைகளும் எதைத் தின்பது என்று நீங்கள் எழுதவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். நீங்கள் விற்கச் சொன்ன எல்லாமே என்னுடையவை. மாடு என் அப்பா கொடுத்தது. மிஷின் நான் ஊராருக்கு ஜாக்கெட் தைத்து வாங்கியது. தோடு என் காதில் கிடக்கிறது. தார்ப்பாய் போர்த்திக் கொட்டகையில் நிற்கும் உங்கள் மோட்டார் சைக்கிள் மட்டும் உங்கள் ஞாபகத்துக்கு வரவில்லை.

அதை மெக்கானிக்குக்கு விற்றுவிட்டேன். பாதிப் பணம் கொடுத்தார். நாற்று வாங்கி நட்டாயிற்று. வண்டி உங்கள் பெயரில் இருப்பதால், மீதியை உங்கள் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் தருவாராம். படிவம் இத்துடன் இருக்கிறது. பென்சிலால் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

சின்னு

26 மார்ச் 1996

யாரைக் கேட்டு விற்றாய்?

மூன்று வருஷம் அடுத்தவன் டிராக்டரை ஓட்டி வாங்கிய வண்டி அது. அதில் கை வைக்க உனக்கு என்ன உரிமை? தம்பி எழுதியிருக்கிறான். மெக்கானிக் கடை வாசலில் ஊரே நின்று வேடிக்கை பார்த்ததாம். "அடுத்து அண்ணனைத்தான் விப்பாங்க போல" என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம்.

கையெழுத்துப் போட மாட்டேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியைக் கொண்டுவந்து கொட்டகையில் நிறுத்து. தரகரை மறுபடி அனுப்புகிறேன். செவலையைப் பிடித்துக் கொடு.

2 ஏப்ரல் 1996

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் என் பெயரை எழுத மறந்துவிட்டீர்கள். பரவாயில்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அது வயலில் பச்சையாக நிற்கிறது. பிடுங்கிக் கட்டுக் கட்டி மெக்கானிக் கடையில் வைக்கட்டுமா?

உரிமை கேட்டீர்கள். பத்து வருஷமாகப் பால் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு சொசைட்டிக்கு நடக்கிறேன். வண்டியில் ஏற்றினால் சீட் நாறும் என்று ஒருநாளும் நீங்கள் ஏற்றவில்லை. அதே ரோட்டில் ஹார்ன் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போவீர்கள். நானும் ஒதுங்கி வழி விடுவேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தப்பு.

உங்களைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்பீர்கள். அதனால்தான் கேட்கவில்லை. ஆசையாக வாங்கிய வண்டி என்று எனக்கும் தெரியும். கழுவித் துடைத்துத்தான் கொடுத்தேன்.

தரகர் வர வேண்டாம். வந்தால் வாசலோடு திரும்பிப் போவார். நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் மீதிப் பணம் வராது, செடிக்கு மருந்து அடிக்க முடியாது, பாதிச் செடி போகும். போனாலும் செவலையை விற்க மாட்டேன். நீங்களே வந்து கயிற்றைப் பிடித்தாலும் விட மாட்டேன்.

தோள்வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். மூட்டை தூக்கும் தோளில் ராத்திரியில் தேய்க்கவும்.

சின்னு

21 ஏப்ரல் 1996

சின்னுவுக்கு,

தைலம் வந்தது. அறையில் எல்லாரும் தேய்த்துத் தீர்த்துவிட்டார்கள்.

பக்கத்துப் பாய்க்காரர் போன வருஷம் வெள்ளத்தில் பயிர் போய், இருந்த இரண்டு மாட்டையும் விற்றுவிட்டு வந்தவர். சம்பளத்தை வாங்கி அப்படியே வீட்டுக்கு அனுப்புகிறார். "ஊருக்குப் போகலையா?" என்று கேட்டேன். "போயி? எதை வச்சு ஆரம்பிக்கிறது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

படிவம் இத்துடன் இருக்கிறது. மூன்று இடத்திலும் போட்டிருக்கிறேன். பாய்க்கு அடியில் கிடந்ததால் கொஞ்சம் கசங்கியிருக்கும். என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. நான் செவலையை விற்கச் சொன்னது தப்பு என்றும் எழுத மாட்டேன். நீயாகப் புரிந்துகொள்.

இரண்டாவது கியர் கொஞ்சம் சிக்கும். கிளட்சை முழுதாகப் பிடித்து, மெதுவாக மாற்ற வேண்டும். மெக்கானிக்குக்கு அது தெரியாமல் இருக்காது. இருந்தாலும் சொல்லிவிடு.

மாமா