நீ எழுதிய பாதி

சுள்ளிக்கல் கடைத்தெருவில் நேற்று ஒரு பூட்டு வாங்கப் போனேன். கடைக்காரர் பில் புத்தகத்தில் புதுக் கார்பன் தாளைச் செருகினார். மெழுகும் மையும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கடையை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டேன். "சேச்சி, பூட்டு!" என்று அவர் பின்னாலிருந்து கூப்பிட்டபோதுதான் எங்கே நிற்கிறேன் என்பதே நினைவுக்கு வந்தது.

நீ போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. மஞ்சள் காமாலையாம். நாற்பதைத் தொடவில்லை நீ. உன்னை நினைத்து அழ வேண்டும் என்றுதான் நானும் பார்க்கிறேன். வருவது அழுகை இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குக்கு மேல்மாடியில் இருந்தது நம் ஆடிட்டர் சாரின் அலுவலகம். அவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களில் பெண்கள் நாம் இருவர்தான். ஒரே தெரு, ஒரே கல்லூரி, இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி முணுமுணுப்பு. பகலெல்லாம் கொச்சங்காடி வியாபாரிகளின் கணக்கைச் சரிபார்ப்போம். சுக்குத் தூசியில் நீ தும்ம ஆரம்பித்தால் நிற்காது. எதிரே உட்கார்ந்திருக்கும் கணக்கப்பிள்ளை பேனாவை வைத்துவிட்டு நீ முடிக்கும்வரை காத்திருப்பார். சாயங்காலம் எல்லாரும் போனபிறகு சி.ஏ. இன்டர் தேர்வுக்குப் படிப்போம். சார் அதற்காகவே சாவியை நம்மிடம் விட்டுவைத்திருந்தார்.

பங்கு பிரிக்கும் யோசனை உன்னுடையது.

"எல்லாத்தையும் ரெண்டு பேரும் எழுதறது வெறுதே நேரத்தைக் கொல்றதாக்கும். பாதிக்கு நீ குறிப்பெடு, பாதிக்கு நான். கார்பன் வெச்சா ஒரு தடவை எழுதினாப் போறும்."

வருமான வரியும் கம்பெனிச் சட்டமும் எனக்கு வந்தன. தணிக்கையும் அடக்கவிலைக் கணக்கும் உனக்கு. தடித்தடியான புத்தகங்களைப் படித்து, சுருக்கி, அழுத்தி எழுதுவோம். மேல் தாள் எழுதியவளுக்கு, அடித்தாள் மற்றவளுக்கு. உன் எழுத்து என்னுடையதைவிட அழகு. நீ கொடுத்த தாள்களைப் படிப்பது வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும். எல்லாம் புரிந்துவிட்டது என்றே தோன்றும். எறணாகுளத்துக்குப் படகில் போகும்போது ஆளுக்கொரு கேள்வி கேட்டுச் சிரித்துக்கொண்டே போவோம். அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. அதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

முதல் தடவை இருவரும் தோற்றோம். மதிப்பெண் தாள்கள் வந்த அன்று அலுவலக மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எனக்குத் தணிக்கையிலும் அடக்கவிலைக் கணக்கிலும் போயிருந்தது. உனக்கு வரியிலும் சட்டத்திலும். நான் சிரித்துவிட்டேன்.

"பாத்தியோ, ரெண்டையும் ஒட்டினா ஒரு பாஸ்!"

நீ சிரிக்கவில்லை. இரண்டு தாள்களையும் வெகுநேரம் பார்த்தாய். பிறகு உன்னுடையதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய்.

"சாரமில்லை, போனாப் போறது, அடுத்த தடவை இன்னும் நன்னாப் படிக்கலாம்" என்றேன்.

"ஆமாம்" என்றாய். அவ்வளவுதான்.

அந்த நிமிடத்திலேயே உனக்கு விளங்கிவிட்டது. அவளவள் எழுதியதுதான் அவளவளுக்கு நின்றிருக்கிறது, மற்றவள் எழுதியது கண்ணால் பார்த்ததோடு போயிருக்கிறது என்று. கண்ணெதிரே கிடந்த அதை நான் அதிர்ஷ்டக் குறைவு என்று நினைத்தேன். உன்னிடமிருந்து வந்த தாள்கள்மேல் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. உன்மேல் எப்படி வரும்?

இரண்டாம் முறைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது சார் ஒருநாள் நம் இருவரையும் கூப்பிட்டார். பாஸானால் தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் "ஒரு கசேர மாத்ரமே உள்ளூ" என்றார். இருப்பது ஒரே நாற்காலி. படியிறங்கும்போது நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்குக் கெடைச்சாலும் சந்தோஷம்தான், இல்லையாடி?" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். நீ கையை விடுவித்துக்கொண்டு குடையைப் பிரித்தாய்.

அந்த வருஷம் நாம் உட்கார்ந்து படித்தது பழைய தாள்களைத்தான். உனக்குத் தலைவலி என்று நீ சீக்கிரம் வீட்டுக்குப் போக ஆரம்பித்தாய். நான் உன் தாள்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சிலவற்றை நெட்டுருப் போட்டேன். தேர்வில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டார்கள். அந்தப் பக்கத்தில் உன் எழுத்து எப்படிச் சாய்ந்திருந்தது என்பது நினைவு வந்தது. விஷயம் வரவில்லை.

நீ பாஸானாய். எனக்கு மறுபடி அதே இரண்டு தாள்களிலும் போயிற்று.

அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு, உன்னை வாழ்த்த வந்தேன். உன் அம்மா காப்பி கொடுத்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். பெருமையில் சொல்லிக்கொண்டே போனாள்.

"இந்தத் தடவை எல்லாத்தையும் மொதல்லேந்து தானே எழுதினா, கேட்டியா? உன் பங்கும் சேத்து. கார்பன் தாள்ல இருந்ததெல்லாம் தூக்கி அட்டத்துப் பரண்ல போட்டுட்டா. விரல் வீங்கிப் போச்சு கொழந்தைக்கு."

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். தெருமுனைவரை பின்னாலேயே வந்தாய். நான்தான் கேட்டேன்.

"என்கிட்ட ஏண்டி சொல்லலை?"

"நீ கேக்கவே இல்லையே."

"கேக்கறதுக்கு எனக்கு அது தெரிஞ்சிருக்க வேண்டாமோ?"

மீன் கூடைகளோடு ஒரு கைவண்டி நம்மைக் கடந்து போகும்வரை ஒதுங்கி நின்றோம். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னாய்:

"ரெண்டு பேரும் பாஸாயிருந்தா அந்த எடம் உனக்குத்தான் போயிருக்கும். சாருக்கு உன் வேலைதான் இஷ்டம். எங்காத்துல எனக்கு அந்த ஒரு சான்ஸ்தான் இருந்தது. பின்னே நான் என்ன பண்ணட்டும்?"

என் வேலையைப் பற்றி யாரும் சொன்னதில் அதைவிடப் பெரிய பாராட்டு இன்றுவரை எனக்குக் கிடைத்ததில்லை. அது உன் வாயிலிருந்து, அந்தத் தெருமுனையில், அந்தக் காரணத்துக்காக வந்தது.

உன் வீட்டில் ஒரு சான்ஸ் என்றால் என் வீட்டிலும் அதேதான். அப்பா "போறும்" என்றார். அடுத்த தைக்குள் கல்யாணம் முடிந்தது. இடக்கொச்சியில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதப் போனேன், இன்னும் போகிறேன். எத்தனை பெட்டி ஐஸ் போயிற்று, எத்தனை உருகிற்று. நீ ஃபைனலும் முடித்து, சாருக்குப் பிறகு அந்த அலுவலகத்தையே எடுத்துக்கொண்டாய் என்று கேள்விப்பட்டேன். உன்மேல் ஒரு குறையும் யாரும் சொன்னதில்லை. நல்ல ஆடிட்டர், நேர்மையானவள் என்றார்கள்.

துக்கம் விசாரிக்க வந்தபோது உன் வீட்டுக் கூடத்தில் உன்னிடம் பயிற்சி பெறும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நம் வயதுதான், அதாவது அப்போதைய நம் வயது. ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள்.

"சேர்ந்த அன்னிக்கே மேடம் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னா மாமி. ஒத்தர் எழுதினதை இன்னொருத்தர் வாங்கிப் படிக்காதீங்கோ, அவாவா கையால குறிப்பெடுங்கோ, இல்லேன்னா கூட இருக்கறவ பாஸாவா, நீ தோத்து நிப்பேன்னு. புதுசா யார் சேர்ந்தாலும் இதான் மொதல் பாடம்."

"நல்லதுதானே சொல்லியிருக்கா" என்றேன்.

"நீங்க மேடத்துக்கு எப்படிப் பழக்கம்?"

"சேந்து படிச்சோம்."

செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. உன்னிடம் வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அதைச் சொல்லியிருக்கிறாய். முன்பின் தெரியாதவர்களுக்கு, முதல் நாளே, கேட்காமலே. என்னை நினைத்துத்தான் சொன்னாயோ என்னவோ. அப்படியே இருந்தாலும் அது எனக்கு வந்து சேரவில்லை.

நான் எழுதிய வரிச் சட்டம் இன்றும் பிரிவு பிரிவாக என் தலையில் இருக்கிறது. சட்டம் எத்தனையோ தடவை மாறிவிட்டது, அதை வைத்துக்கொண்டு இனி ஒன்றும் செய்வதற்கில்லை. என்றாவது ஒருநாள் உன்னை நேரில் நிறுத்தி, அந்தத் தெருமுனையில் கேட்காமல் விட்டதையெல்லாம் கேட்டுத் தீர்த்துவிட வேண்டும் என்று ஒரு கோபத்தையும் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். நீ அதையும் வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டாய்.